கோர்ட்டுக்குப் போன விதவையும் ஊர் டீக்கடையும்

அரூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 24, ஓசூரில் கம்பெனி வேலை, வாரக் கடைசியில் ஊருக்கு வருகிறவர். ஊர் டீக்கடையில் மற்றவர்களுக்குக் கண்ணாடி டம்ளர், காலனிக்காரர்களுக்குப் பேப்பர் கப். கேட்டால் ‘சுத்தத்துக்காகத்தான்’ என்கிறார்களாம். காலனிப் பையன்கள் சேர்ந்து கலெக்டரிடம் மனு கொடுக்கப் போகிறார்கள், இவரும் கையெழுத்துப் போட நினைக்கிறார், ஆனால் பயமாகவும் இருக்கிறதாம். பாஸ்டர், ‘இது உலக காரியம், ரோமர் 13-ஐ வாசி, முழங்காலில் நில், கொஞ்சம் பொறு, கர்த்தர் பார்த்துக்கொள்வார்’ என்கிறார். அம்மா, ‘அவங்க காட்டுக்குத்தான் நான் களை எடுக்கப் போகணும், நமக்கு வம்பு வேணாம்டா’ என்று அழுகிறார். இது விசுவாசமா, அரசியலா என்பதுதான் தம்பியின் கேள்வி.

கையெழுத்துப் போடுங்கள், தம்பி. பதிலை முதலிலேயே சொல்லிவிட்டேன். ஏன் என்பதையும், எப்படிப் போட வேண்டும் என்பதையும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நான் கிருஷ்ணகிரி பக்கம் மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். சபையில் ஓய்வுநாள் பள்ளியும் நடத்தியிருக்கிறேன். 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிவதற்கு முன்பிருந்தே இந்தப் பகுதியின் டீக்கடைகளையும் கல் குவாரிகளையும் பார்த்து வருகிறேன்.

முதலில் ஜெபம். உங்கள் பாஸ்டர் ஜெபிக்கச் சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் ஜெபம் என்றால் என்ன என்று இயேசு எதை வைத்து விளக்கினார் என்று பாருங்கள். லூக்கா 18. சோர்ந்துபோகாமல் எப்பொழுதும் ஜெபம்பண்ண வேண்டும் என்பதற்கு அவர் சொன்ன உவமையில் முழங்காலில் நிற்கிற ஆள் யாருமே இல்லை. அதில் வருகிறவள் ஒரு விதவை. ஊரில் ஒரு நியாயாதிபதி, தேவனுக்கும் பயப்படாதவன், மனுஷரையும் மதியாதவன். அவனிடம் இவள் திரும்பத் திரும்பப் போய், ‘எனக்கு நியாயம் செய்யும்’ என்கிறாள். வெகுநாள் அவனுக்கு மனமில்லை. கடைசியில், இவள் அடிக்கடி வந்து என்னை அலட்டாதபடி இவளுக்கு நியாயம் செய்துவிடலாம் என்று முடிவு பண்ணுகிறான். ‘அலட்டாதபடி’ என்பது நம் பழைய மொழிபெயர்ப்பில் அப்படியே இருக்கிற வார்த்தை. தொந்தரவு தாங்கவில்லை அவனுக்கு. ஆக, ‘ஜெபம் பண்ணு, கோர்ட்டு கச்சேரிக்குப் போகாதே’ என்று ஒருவர் சொன்னால், ஜெபத்துக்கு இயேசு காட்டிய மாதிரியே கோர்ட்டுக்கு நடந்த ஒரு பெண்தான் என்று தாராளமாகச் சொல்லலாம்.

அந்த விதவை எப்படி இருந்திருப்பாள் என்று தெரிந்துகொள்ள நாம் எருசலேம் வரை போக வேண்டியதில்லை. உங்கள் அரூர் வட்டத்தில், சித்தேரி மலை அடிவாரத்தில் வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் நுழைந்தார்கள். வீடுகளைச் சூறையாடினார்கள், மக்களை அடித்தார்கள், 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். அதற்குப் பிறகு அந்த மக்களையே சிறையில் அடைத்தார்கள். அரசு அதிகாரிகள் இப்படிச் செய்வார்களா என்று நம்ப மறுத்தவர்கள்தான் அன்று அதிகம். வழக்கு சி.பி.ஐ.க்குப் போய், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்று தர்மபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29-இல் தீர்ப்பளித்தது. 54 பேர் அதற்குள் இறந்தே போயிருந்தார்கள். மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது 2023-இல், அதுவும் செப்டம்பர் 29. நடந்ததிலிருந்து எண்ணினால் 31 வருஷம். வாக்குமூலம் கொடுக்க, அடையாளம் காட்ட, குறுக்கு விசாரணைக்கு என்று அந்தப் பெண்கள் எத்தனை தடவை பஸ் ஏறி வந்திருப்பார்கள்! கைக்குழந்தையோடு வந்தவர்கள் பேரப்பிள்ளை எடுத்த பிறகும் வந்தார்கள்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அந்தப் பெண்கள் நம் சபைக்காரர்கள் அல்ல, ‘மலையாளி’ என்ற பெயருள்ள மலைவாழ் பழங்குடி மக்கள். அவர்களோடு கடைசி வரை நின்றவர்கள் மலைவாழ் மக்கள் சங்கத்தாரும் சிவப்புக் கொடி பிடித்த தோழர்களும். இதைக் கிறிஸ்தவக் கதையாக மாற்றி நாம் பெருமை தேடக் கூடாது. ஆனால் அடிபட்டுக் கிடந்தவனை யார் தூக்கினான் என்று இயேசு சொன்ன கதையில் ஆசாரியனும் லேவியனும் பக்கமாய் விலகிப் போனார்கள், தூக்கியவன் யூதர்கள் வீட்டில் சேர்க்காத சமாரியன். கதையை முடித்துவிட்டு இயேசு சொன்னது ‘நீயும் போய் அந்தப்படியே செய்’ என்று. யார் செய்தாலும் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள நமக்குக் கட்டளையே இருக்கிறது.

அடுத்து ரோமர் 13. ‘மேலான அதிகாரமுள்ளவர்களுக்குக் கீழ்ப்படியக்கடவன்.’ இந்த வசனம் உலகம் முழுக்க அடிபட்ட ஜனங்களின் வாயை மூடப் பயன்பட்டிருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி அரசு இதைத்தான் காட்டியது. 1985-இல் அங்கே இறையியலாளர்களும் போதகர்களும் சேர்ந்து ‘கைரோஸ்’ என்ற ஆவணத்தை வெளியிட்டு, ரோமர் 13-ஐ இப்படித் திரித்து அரசுக்குப் புனிதப் பூச்சுப் பூசாதீர்கள் என்று வெளிப்படையாக எழுதினார்கள். நான் அதைவிட எளிமையாக ஒன்று கேட்பேன். அந்த வசனத்தை எழுதிய பவுல் எப்படி நடந்துகொண்டார்?

அப்போஸ்தலர் 16-ஐ எடுத்துப் படியுங்கள். பிலிப்பி பட்டணத்தில் விசாரணையே இல்லாமல் பவுலையும் சீலாவையும் அடித்துச் சிறையில் போட்டார்கள். காலையில் அதிகாரிகள் சேவகரை அனுப்பி, விட்டுவிடுங்கள், போகட்டும் என்றார்கள். நம் ஆட்களாக இருந்தால் ஸ்தோத்திரம் என்று சொல்லிக் கிளம்பியிருப்போம். பவுல் நகரவில்லை. ரோமக் குடிமக்களான எங்களை எல்லோர் கண் முன்னாலும் அடித்துவிட்டு, இப்போது ரகசியமாக அனுப்புகிறார்களா? அவர்களே வந்து எங்களை அழைத்துக்கொண்டு போகட்டும் என்றார். அதிகாரிகள் பயந்துபோய் நேரில் வந்து கெஞ்சினார்கள். பின்னாளில் செசரியாவில் நியாயம் கிடைக்காது என்று தெரிந்ததும், ‘இராயனுக்கு அபயமிடுகிறேன்’ என்று ரோமாபுரி வரைக்கும் மேல்முறையீடு போனார். சட்டம் தனக்குத் தந்த உரிமையைக் கேட்டு வாங்குவதை அவர் அவிசுவாசமாக நினைக்கவே இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. நம் நாட்டில் மேலான அதிகாரம் எது? 1950 முதல் அரசியலமைப்புச் சட்டம். அதன் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்து, எந்த வடிவத்திலும் அதைக் கடைப்பிடிப்பது குற்றம் என்கிறது. 1955-இல் வந்த குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் கடை, உணவு விடுதி, அங்கே பொதுவாக வைத்திருக்கும் பாத்திரங்கள் வரைக்கும் பேசுகிறது. அப்படியானால் உங்கள் ஊரில் அதிகாரத்துக்குக் கீழ்ப்படியாமல் இருப்பது யார்? மனு கொடுக்கிற நீங்களா, கப்பைப் பிரித்து வைக்கிறவரா? 2024 பிப்ரவரியில் மொரப்பூர் பக்கம் தோட்ட வேலைக்குப் போன பெண்களுக்குக் கொட்டாங்குச்சியில் டீ ஊற்றிக் கொடுத்த வழக்கு உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். அந்தப் பெண்கள் சகித்துக்கொண்டு போயிருந்தால் அது இன்றைக்கும் நடந்துகொண்டிருக்கும். போலீசில் சொன்னதால்தான் கைது நடந்தது.

சரி, இனி நான் கண்ணால் பார்த்த ஒன்று. சபையில் ‘சாட்சி நேரம்’ இருக்கிறதே, அதைப் பற்றி. கர்த்தர் வீடு கட்டிக் கொடுத்தார், பையனுக்கு வேலை கிடைத்தது, கட்டி கரைந்தது என்று எழுந்து சொல்வோம். எல்லாரும் ‘அல்லேலூயா’ சொல்வோம். 1990-களின் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெண்கள் பக்கம் கடைசிப் பாயில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா எழுந்தார். அவர் அதற்கு முன் சாட்சி சொன்னதே இல்லை. மகனைக் கையைப் பிடித்து எழுப்பி நிறுத்தினார். அவன் உள்ளங்கையைச் சபைக்குத் திருப்பிக் காட்டினார். கட்டை விரல் நகம் கறுத்திருந்தது. உள்ளங்கையில் தோல் பிளந்து, வெடிப்புக்குள் கல் தூள் வெள்ளையாக அடைந்திருந்தது. அவனுக்கு 13 வயது. ஆறாம் வகுப்பில் என் முன்னால் உட்கார்ந்திருந்தவன். எப்போது பள்ளிக்கு வராமல் நின்றான் என்பதை நான் கவனித்திருக்கக்கூட இல்லை.

‘எட்டாயிரம் முன்பணம் வாங்கினோம். ரெண்டு வருசமா நாங்க மூணு பேரும் கல்லு உடைக்கறோம். கடன் இன்னும் கூடிட்டுத்தான் இருக்குது. ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கு மட்டும் விடறாங்க. இதான் என் சாட்சி’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. ஐயர் (எங்கள் சபையில் போதகரை அப்படித்தான் கூப்பிடுவோம்) என்ன சொல்வதென்று தெரியாமல், ‘ஜெபிப்போம்’ என்றார். எங்கள் சபையின் மூத்த தாயார் ஒருவர், படிப்பு இல்லாதவர், உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார்: ‘ஜெபிக்கலாம் ஐயரே. ஜெபிச்சிட்டுப் போவணும்.’

மறுநாள் ஆறு பேர் போனோம். ஐயரும் வந்தார். கொத்தடிமை முறை 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டுவிட்டது என்பதே எங்களில் யாருக்கும் தெரியாது. ஒரு வக்கீல்தான் விளக்கினார். அந்தக் கடனே சட்டப்படி செல்லாது. அது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கிற பொறுப்பு முதலாளியுடையது, தொழிலாளியுடையது இல்லை. போக வேண்டிய அலுவலகத்தில் எங்களை நாலு தடவை திருப்பி அனுப்பினார்கள். ஐந்தாவது தடவை போனபோது அங்கிருந்த பியூன், ‘மறுபடியும் வந்துட்டாங்க’ என்று உள்ளே குரல் கொடுத்தார். எனக்கு லூக்கா 18 அன்றைக்குத்தான் புரிந்தது. ஏழு மாதம் கழித்து விடுதலைச் சான்றிதழ் வந்தது. பையன் தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு மறுபடி வகுப்பில் உட்கார்ந்தான். குவாரிக்காரருக்கு வேண்டிய இரண்டு குடும்பங்கள் சபையை விட்டுப் போயின, காணிக்கை குறைந்தது. அது நிஜமான நஷ்டம்தான், அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

கோர்ட்டில் சொல்வதும் சாட்சி, சபையில் சொல்வதும் சாட்சி. நம் தமிழில் இரண்டுக்கும் ஒரே வார்த்தை. புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்திலும் அப்படித்தான். அந்தக் கிரேக்கச் சொல்தான் பிற்பாடு இரத்த சாட்சிகளுக்குப் பெயராகிப் போனது. பார்த்ததைப் பார்த்தேன் என்று, பட்டதைப் பட்டேன் என்று, கேட்க விரும்பாதவர்கள் முன்னால் சொல்வது. உங்கள் கையெழுத்தும் அந்த வகைதான், தம்பி.

நம் ஆட்களுக்குத் தைரியம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 1895-இல் கிருஷ்ணகிரிக்கு வந்து லுத்தரன் மிஷன் வேலையைத் தொடங்கிய தியோடர் நேத்தர், 1904-இல் இங்கேயே பிளேக்கில் இறந்தார். கொள்ளை நோய்க் காலங்களில் ஊழியர்களும் கன்னியர்களும் நோயாளிகளைத் தொட்டுப் பணி செய்திருக்கிறார்கள். கொரோனாவின்போது எங்கள் சபைப் பிள்ளைகள் வீடு வீடாக அரிசி கொண்டுபோய்க் கொடுத்தார்கள். இதற்கெல்லாம் நாம் தயங்குவதில்லை. ஆனால் நோயோடு போராடினால் ஊரில் யாருக்கும் கோபம் வராது. டம்ளரைக் கேட்டால் வரும். அரிசி கொடுக்கிற கையை எல்லாரும் கும்பிடுவார்கள், இவர்களுக்கு அரிசி ஏன் இல்லை, கூலி எங்கே போயிற்று என்று கேட்டால் அந்தக் கையைத் தட்டிவிடுவார்கள். யாக்கோபு 5-இல், வயலை அறுத்தவர்களின் பிடித்துவைத்த கூலியே கூக்குரலிடுகிறது என்று எழுதியிருக்கிறது. அந்த அதிகாரத்தை வைத்து நான் கேட்ட பிரசங்கங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

பயம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பயம் இல்லாதவர்கள்தான் இதைச் செய்தார்கள் என்று எண்ண வேண்டாம். எல் சால்வடோர் நாட்டுப் பேராயர் ஆஸ்கார் ரோமெரோவை, வம்புக்குப் போகாத அமைதியான ஆள் என்று நம்பித்தான் பணக்காரர்கள் வரவேற்றார்கள். ஏழை விவசாயிகளோடு நின்ற அவருடைய நண்பர் ருதிலியோ கிராந்தே பாதிரியாரை 1977 மார்ச்சில் சுட்டுக் கொன்றார்கள். அதற்குப் பிறகு ரோமெரோ மாறினார். காணாமல் போனவர்கள், கொல்லப்பட்டவர்கள் பெயர்களை ஞாயிறு பிரசங்கத்தில் வாசித்தார், அது வானொலியில் போயிற்று. அதுவும் சாட்சி நேரம்தான். 1980 மார்ச் 24 அன்று பூசை செய்துகொண்டிருந்தபோதே அவரைச் சுட்டார்கள்.

உங்கள் பாஸ்டர் சொல்கிற ‘கொஞ்சம் பொறு’ என்ற வார்த்தைக்கும் பதில் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங், 1963-இல் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து எழுதிய கடிதம் யாருக்கு என்று நினைக்கிறீர்கள்? வெறியர்களுக்கு இல்லை. போராட்டம் வேண்டாம், கோர்ட்டு பார்த்துக்கொள்ளும், பொறுங்கள் என்று அறிக்கை விட்ட எட்டு வெள்ளைக்கார மதகுருமார்களுக்கு. நல்ல மனிதர்கள்தான், ஆனால் அவர்கள் சொன்ன பொறுமையின் விலையை வேறு யாரோ கட்டிக்கொண்டிருந்தார்கள்.

நம் திருச்சி மாவட்டத்துக்காரர் ஸ்டேன் சுவாமி, ஜார்க்கண்டில் விசாரணைக் கைதிகளாக வருஷக் கணக்கில் அடைபட்டுக் கிடந்த ஆதிவாசி இளைஞர்களுக்காக வழக்குப் போட்ட இயேசு சபைக் குரு. 2020 அக்டோபரில் 83 வயதில் அவரையே ‘ஊபா’ என்கிற சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தில் கைது செய்தார்கள். நடுக்கு வாத நோயால் டம்ளரைப் பிடிக்க முடியாமல், உறிஞ்சிக் குடிக்கிற குவளை கேட்டு நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டியிருந்தது. வழக்கு விசாரணைக்கு வருவதற்கு முன்பே, 2021 ஜூலை 5 அன்று, காவலில் இருந்தபடியே மும்பை மருத்துவமனையில் இறந்தார். நீங்களும் ஒரு டம்ளருக்காகத்தான் மனுக் கொடுக்கப் போகிறீர்கள்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு நம் வீட்டுக் குப்பையைப் பாய்க்கு அடியில் தள்ள முடியாது. சாதி பார்ப்பதில் சபைகள் சளைத்தவை அல்ல. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளத்தில் கோயிலுக்குள்ளேயே சாதிக்கு ஒரு பக்கம் என்று சுவர் இருந்தது, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் இடித்தார்கள். கல்லறைத் தோட்டம் இரண்டாகக் கிடக்கிற ஊர்கள் இன்றைக்கும் உண்டு. கல்யாணப் பேச்சு எடுத்தால் போதும், பரிசுத்தவான்களுக்கும் சாதி ஞாபகம் வந்துவிடுகிறது. 2012 நவம்பர் 7-ஆம் தேதி நம் தர்மபுரியில் ஒரு காதல் கல்யாணத்தைக் காரணம் காட்டி நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் 250-க்கும் மேற்பட்ட வீடுகளைக் கொளுத்தினார்கள். அந்த வாரம் மாவட்டம் முழுக்க எந்தெந்தப் பிரசங்க பீடத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை வந்தது என்று அவரவர் சபையில் நினைத்துப் பார்க்கட்டும். எங்கள் சபையில் வரவில்லை. வந்திருக்க வேண்டும், நானாவது எழுந்து கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

இனி எப்படிச் செய்வது. முதலில், மத்தேயு 18-இல் உள்ளபடி டீக்கடைக்காரரிடம் தனியாகப் போய்ப் பேசுங்கள். நிறைய இடங்களில் அவரே தன் வாடிக்கையாளர்களுக்குப் பயந்துதான் கப்பைப் பிரித்து வைக்கிறார். ‘எல்லாருக்கும் பேப்பர் கப் அல்லது எல்லாருக்கும் டம்ளர்’ என்று கேளுங்கள். அவர் மாறிவிட்டால் மனுவே தேவையில்லை. மாறாவிட்டால் மனு, ஆனால் அதில் சிலுவை வேண்டாம், சபைப் பெயரும் வேண்டாம். காலனியில் உள்ள எல்லாரும் ஊர்ப் பொதுமக்களாகக் கையெழுத்துப் போடட்டும். நீங்கள் மட்டும் முன்னால் நின்றால் ‘மதம் மாற்றுகிறவன் கிளப்பிவிட்டான்’ என்று டம்ளர் பிரச்சினையை வேறு பிரச்சினையாகத் திருப்பிவிடுவார்கள்.

உங்கள் சாதிச் சான்றிதழில் என்ன இருக்கிறது என்பதையும் பாருங்கள். 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவர் பட்டியல் சாதியில் வர முடியாது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் கதவைத் திறந்தார்கள், நமக்குத் திறக்கவில்லை. தமிழ்நாட்டில் கிறிஸ்தவ ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார். அதனால் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது என்று எதிர்த் தரப்பு வாதாடும். பட்டியல் சாதிச் சான்று உள்ளவர்கள் பெயரும் மனுவில் இருப்பது அதற்காகவும் அவசியம்.

அம்மாவின் பயத்தைச் சின்னதாக நினைக்காதீர்கள். நீங்கள் ஞாயிறு ராத்திரி ஓசூர் பஸ் ஏறிவிடுவீர்கள், திங்கட்கிழமை அந்தக் காட்டுக்குப் போக வேண்டியவர் அவர். வேலையை நிறுத்தினால் வீடு எப்படி ஓடும் என்று உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு உங்கள் சம்பளத்தில் எவ்வளவு அனுப்ப முடியும், நூறு நாள் வேலை அட்டை இருக்கிறதா, பக்கத்து ஊரில் வேறு யார் கூலிக்குக் கூப்பிடுவார்கள். அவருடைய சம்மதம் இல்லாமல் அவருடைய கூலியைப் பந்தயம் வைக்க உங்களுக்கு உரிமை இல்லை. நாள் ஆனாலும் பரவாயில்லை, பேசிச் சம்மதம் வாங்குங்கள். லூக்கா 18-ஐ அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். ‘அலட்டாதபடி’ என்ற வார்த்தை அவருக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

பாஸ்டரிடம் சண்டை போட வேண்டாம். ‘நாங்கள் கலெக்டர் ஆபீசுக்குப் போகிறோம், ஜெபம் பண்ணி அனுப்புங்கள்’ என்று மட்டும் கேளுங்கள். எங்கள் ஐயர் கடைசியில் எங்களோடு வந்தது அப்படித்தான்.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள். பத்து மணிக்கு முன்னால் போய்விடுங்கள், ஐந்து பேருக்குக் குறையாமல் போங்கள். மனுவை இரண்டு படி எடுத்து, ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் படியைச் சட்டைப் பையில் வைக்காமல், அம்மாவின் பைபிளுக்குள் வைத்துவிடுங்கள். அடுத்த தடவை போகும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள்.